ஊர்வலத்துக்கு நிபந்தனை போட்ட ஓட்டக்காரி: வில்மா ருடால்ஃப்

ஃபர்ஸ்ட் இயர் ஓரியண்டேஷன்ல மோட்டிவேஷன் ஸ்பீக்கர் யாராவது வந்திருந்தா, இந்தக் கதையை நீங்க கட்டாயம் கேட்டிருப்பீங்க. போலியோ வந்த ஒரு சின்னப் பொண்ணு. இனி நடக்கவே முடியாதுன்னு டாக்டர் கைவிட்டுட்டார். ஆனா அந்தப் பொண்ணு நடந்தா, ஓடினா, ஒலிம்பிக்கில் மூணு தங்கம் வாங்கினா. அதனால நீங்களும் அரியரைக் கண்டு கலங்காதீங்க. கைதட்டல். அடுத்த ஸ்லைடு.

கதை பொய் இல்லை. எல்லாம் நடந்ததுதான். ஆனா அந்த ஸ்லைடு தங்கப் பதக்கத்தோட முடிஞ்சுடுது. பதக்கத்தோட ஊருக்குத் திரும்பின பிறகு அந்த இருபது வயசுப் பொண்ணு என்ன செஞ்சாங்க என்பதை யாரும் சொல்றதில்லை. என்னைக் கேட்டா, வில்மா ருடால்ஃபின் வாழ்க்கையில் மிகக் கஷ்டமான ஓட்டம் அங்கேதான் ஆரம்பிக்குது. முதல்லேர்ந்து பார்ப்போம்.

பின் சீட்டில் 80 கிலோமீட்டர்

1940 ஜூன் 23. அமெரிக்காவின் தென்பகுதியில் இருக்கும் டென்னசி மாநிலத்தில், கிளார்க்ஸ்வில் நகரத்தை ஒட்டிய செயின்ட் பெத்லகேம் என்ற சின்ன ஊரில் வில்மா பிறந்தார். குறைமாதப் பிரசவம். எடை சுமார் 2 கிலோ. அப்பா எட் ருடால்ஃபுக்கு இரண்டு திருமணங்கள் மூலம் மொத்தம் 22 பிள்ளைகள். அதில் வில்மா இருபதாவது. அப்பா ரயில்வேயில் சுமை தூக்கியும், கிடைத்த வேலையைச் செய்தும் சம்பாதித்தார். அம்மா பிளான்ச் வெள்ளையர் வீடுகளில் வீட்டு வேலை பார்த்தார்.

அந்தக் காலத்து டென்னசி எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும். கறுப்பின மக்களுக்கும் வெள்ளையர்களுக்கும் எல்லாமே தனித்தனி. பள்ளிக்கூடம் தனி, உணவகம் தனி, தண்ணீர் குடிக்கிற குழாய்கூடத் தனி. இதெல்லாம் வெறும் பழக்கம் இல்ல, சட்டமாகவே இருந்தது. கிளார்க்ஸ்வில்லில் இருந்த மருத்துவமனை வெள்ளையர்களுக்கானது. கறுப்பினக் குடும்பங்களுக்கு ஊரில் ஒரே ஒரு டாக்டர்தான்.

இந்த ஊரில்தான் வில்மாவுக்கு வரிசையாக நோய்கள் வந்தன. நிமோனியா, ஸ்கார்லெட் காய்ச்சல், கடைசியில் போலியோ. உயிர் பிழைத்தார். ஆனால் இடது காலும் பாதமும் வலுவிழந்து போயின. இரும்புக் கம்பி வைத்த காலிப்பர் இல்லாமல் நிற்க முடியாது. இனி நடப்பது கஷ்டம் என்றுதான் மருத்துவம் சொன்னது. அம்மா அதை ஏற்கவில்லை.

சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, நாஷ்வில் நகரத்தில் மெஹாரி மருத்துவக் கல்லூரி இருந்தது. கறுப்பின மாணவர்களை டாக்டராக்குவதற்காகவே தொடங்கப்பட்ட கல்லூரி அது. அங்கே வில்மாவுக்குச் சிகிச்சை கிடைக்கும். வேலைக்குப் போகும் அம்மா, வாராவாரம் மகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். பஸ்ஸில் எங்கே வேண்டுமானாலும் உட்கார முடியாது. கறுப்பர் என்றால் பின் சீட்டு. முன்னால் இடம் காலியாக இருந்தாலும் பின்னால்தான். இப்படி இரண்டு வருஷம் போய் வந்தார்கள்.

சிகிச்சைன்னா பெரிய மெஷின் எதுவும் கிடையாது. சூட்டு ஒத்தடம், தண்ணீரில் வைத்துப் பயிற்சி, காலை நீவிவிடுவது, அவ்வளவுதான். எப்படி நீவுவது என்று அம்மா அங்கே கற்றுக்கொண்டு வந்து மூத்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஆள் மாற்றி ஆள், அந்தக் காலை நீவிவிட்டார்கள். மோட்டிவேஷன் கதையில் வில்மாவின் தன்னம்பிக்கை மட்டும்தான் வரும். ஆனா அந்தக் காலை நடக்க வைத்ததில் ஒரு கறுப்பின மருத்துவக் கல்லூரிக்கும், அரை டஜன் அண்ணன் அக்காக்களுக்கும், ஒரு வீட்டு வேலைக்காரத் தாய்க்கும் பங்கு உண்டு.

காலிப்பர் போய், அதன்பின் தனியாகச் செய்த கனமான ஷூ வந்தது. பன்னிரண்டு வயது நெருங்கும்போது அதுவும் தேவைப்படவில்லை. மற்ற பிள்ளைகள் மாதிரி நடந்தார். பிறகு கொல்லைப்புறத்தில் அண்ணன்களோடு பாஸ்கெட்பால் ஆட ஆரம்பித்தார்.

கொசு என்று ஒரு பட்டப்பெயர்

கறுப்பினப் பிள்ளைகளுக்கான பர்ட் உயர்நிலைப் பள்ளியில் வில்மா பாஸ்கெட்பால் அணியில் சேர்ந்தார். ஆரம்பத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களே அதிகம். கோச் கிளின்டன் கிரே அவருக்கு வைத்த பட்டப்பெயர் ஸ்கீட்டர். கொசு என்று அர்த்தம். எப்பப் பார்த்தாலும் குறுக்கே பறந்துகொண்டே இருப்பதால் அந்தப் பெயர். ஆடக் களத்தில் இடம் கிடைத்ததும் நிலைமை மாறியது. ஒரே சீசனில் 803 புள்ளிகள் எடுத்து, பெண்கள் பள்ளி பாஸ்கெட்பாலில் மாநிலச் சாதனை படைத்தார்.

அப்படி ஒரு ஆட்டத்தில்தான் எட் டெம்பிள் அவரைப் பார்த்தார். நாஷ்வில்லில் இருந்த டென்னசி ஸ்டேட் கல்லூரியின் பெண்கள் தடகளக் கோச் அவர். அதே கல்லூரியில் சமூகவியலும் சொல்லிக்கொடுத்தார். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவான உயரம், நீளமான கால், வேகம். இந்தப் பொண்ணு ஓட வேண்டியவர் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பள்ளியில் படிக்கும்போதே கோடை விடுமுறைப் பயிற்சிக்கு வில்மாவை அழைத்துக்கொண்டார்.

அதற்கு முன்னால் ஒரு அடி விழுந்தது. பள்ளி அளவில் ஓடிய எல்லாப் பந்தயத்திலும் ஜெயித்துக்கொண்டிருந்த வில்மா, அலபாமா மாநிலத்தில் டஸ்கீகியில் நடந்த பெரிய போட்டிக்குப் போனார். ஓடிய அத்தனை பந்தயத்திலும் தோற்றார். இயல்பான வேகம் மட்டும் போதாது, ஸ்டார்ட் எடுப்பது, மூச்சு விடுவது, கையை வீசுவது எல்லாவற்றையும் கற்கணும் என்பது அங்கேதான் அவருக்கு உறைத்தது. ஸ்கூல் டாப்பராக இருந்துவிட்டு காலேஜ் முதல் இன்டர்னல்ல அடி வாங்கின நமக்கெல்லாம் அந்த உணர்ச்சி நல்லாவே தெரியும்.

டைகர்பெல்ஸ்

டெம்பிளின் அணிக்கு டைகர்பெல்ஸ் என்று பெயர். கல்லூரி அணிகளின் பெயரான டைகரும், நாசூக்கான இளம்பெண்ணைக் குறிக்கும் பெல் என்ற சொல்லும் சேர்ந்தது. பெயரிலேயே ஒரு பதில் இருந்தது. ஓடினால் பெண்ணுக்குப் பெண் தன்மை போய்விடும் என்று நம்பிய காலம் அது. பெண்களால் தாங்க முடியாது என்று சொல்லி, 1928-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் பெண்களின் 800 மீட்டர் ஓட்டத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். அது திரும்பி வந்தது 1960-ல்தான். இடைப்பட்ட 32 வருஷத்தில் பெண்களுக்கு 200 மீட்டரைத் தாண்டி ஒலிம்பிக் ஓட்டமே கிடையாது.

அணியிடம் வசதி எதுவும் இல்லை. கரிச்சாம்பல் போட்ட பழைய டிராக். கோடு போடுவதைக்கூட டெம்பிள் தன் கைக்காசில் செய்தார். வெளியூர்ப் போட்டிக்கு டெம்பிளின் காரில்தான் பயணம். வழியில் இருக்கும் உணவகங்களில் கறுப்பர்களுக்குச் சாப்பாடு தரமாட்டார்கள், கழிப்பறையையும் பயன்படுத்த விடமாட்டார்கள். அதனால் சாண்ட்விச் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத வயல்வெளி ஓரமாக வண்டியை நிறுத்தினார்கள். நாட்டுக்காக ஒலிம்பிக் போகப்போகிற பெண்கள் இப்படித்தான் போட்டிகளுக்குப் போய் வந்தார்கள்.

ஸ்காலர்ஷிப்பும் சும்மா கிடைக்கவில்லை. தினமும் இரண்டு மணி நேரம் கல்லூரி வளாகத்தில் வேலை செய்து கட்டணத்தைக் கழிக்க வேண்டும். டெம்பிள் ஒழுங்கில் கறார். பயிற்சிக்கு ஒரு நிமிஷம் லேட்டானா ஒரு ரவுண்டு கூடுதல். ஒருநாள் வில்மா அசந்து தூங்கி அரை மணி நேரம் லேட்டாக வந்தார். 30 ரவுண்டு ஓடினார். மறுநாள் அரை மணி நேரம் முன்னாடியே வந்து டிராக்கில் உட்கார்ந்திருந்தார்.

1956-ல் பதினாறு வயதில், இன்னும் பள்ளி மாணவியாக இருந்தபோதே, அமெரிக்க அணிக்குத் தேர்வாகி மெல்போர்ன் ஒலிம்பிக் போனார். அணியில் சீனியரான மே ஃபேக்ஸ் அவரை ஒரு அக்கா மாதிரி பார்த்துக்கொண்டார். 200 மீட்டரில் ஆரம்பச் சுற்றுகளைத் தாண்ட முடியவில்லை. ஆனால் 4 x 100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் கிடைத்தது. அதே மெல்போர்னில் ஆஸ்திரேலியாவின் பெட்டி கத்பர்ட், பதினெட்டு வயசுப் பொண்ணு, மூன்று தங்கம் வாங்குவதை வில்மா நேரில் பார்த்தார். அடுத்த ஒலிம்பிக்கில் தானும் தங்கம் வாங்கணும் என்று அங்கேயே முடிவு செய்தார்.

வழியில் வந்த இன்னொரு திருப்பம்

இந்த இடத்தை மோட்டிவேஷன் ஸ்லைடு சத்தமில்லாமல் தாண்டிப் போகும். பள்ளியின் கடைசி வருஷத்தில் வில்மா கர்ப்பமானார். 1958-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. திருமணம் ஆகவில்லை. ஊர் என்ன பேசியிருக்கும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் படிப்பும் விளையாட்டும் அதோடு முடிந்துவிடும். அவருக்கு மட்டும் முடியாமல் போனதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, வீட்டில் அவரை விரட்டவில்லை. குழந்தையைக் குடும்பத்தார் வளர்க்க முன்வந்தார்கள். இரண்டு, தாயான பெண்களை அணியில் சேர்ப்பதில்லை என்ற தன் விதியை டெம்பிள் அவருக்காகத் தளர்த்தினார்.

அதே வருஷம் வில்மா கல்லூரியில் சேர்ந்தார். கைக்குழந்தையை ஊரில் விட்டுவிட்டு, படிப்பு, வளாக வேலை, பயிற்சி என்று மூன்றையும் இழுத்துக்கொண்டு ஓடினார். 1960 ஜூலையில் டெக்சாஸ் மாநிலத்தின் கார்பஸ் கிறிஸ்டி நகரில் 200 மீட்டரை 22.9 வினாடியில் ஓடினார். உலக சாதனை. அந்தத் தூரத்தை 23 வினாடிக்குள் ஓடி முடித்த முதல் பெண் அவர்தான்.

ரோம், 1960

ரோம் ஒலிம்பிக்கை நம்ம ஆட்கள் மில்கா சிங்கை வைத்து நினைவில் வைத்திருப்போம். 400 மீட்டரில் மயிரிழையில் வெண்கலம் போய் நாலாவதாக வந்த அதே ஒலிம்பிக். பின்னாளில் முகமது அலி ஆன கேஷியஸ் கிளே குத்துச்சண்டையில் தங்கம் வாங்கியதும் அங்கேதான். அமெரிக்கப் பெண்கள் தடகள அணிக்குக் கோச் எட் டெம்பிள்.

100 மீட்டர் அரையிறுதியில் 11.3 வினாடி. உலக சாதனைக்குச் சமம். இறுதியில் 11.0. இரண்டாவதாக வந்த பிரிட்டனின் டோரதி ஹைமனை விட 0.3 வினாடி முன்னால். நூறு மீட்டரில் இது எவ்வளவு பெரிய இடைவெளி என்று ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனா அந்த 11.0 உலக சாதனையாகக் கணக்கில் ஏறவில்லை. பின்னாலிருந்து வீசும் காற்றின் வேகம் வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால் சாதனை செல்லாது என்பது விதி. அன்று காற்று அதைத் தாண்டி வீசியது. தங்கம் தங்கம்தான், சாதனைப் பட்டியலில் மட்டும் இடமில்லை.

200 மீட்டரில் 24.0 வினாடியில் இரண்டாவது தங்கம். ஜெர்மனியின் யூட்டா ஹைனே 0.4 வினாடி பின்னால்.

மூன்றாவது, 4 x 100 தொடர் ஓட்டம். மார்த்தா ஹட்சன், பார்பரா ஜோன்ஸ், லுசிண்டா வில்லியம்ஸ், வில்மா. நாலு பேருமே டைகர்பெல்ஸ். ஒரே கல்லூரியின் நாலு மாணவிகள் ஒரு நாட்டின் ஒலிம்பிக் ரிலே அணி! அரையிறுதியில் 44.4 வினாடி ஓடி உலக சாதனை வைத்திருந்தார்கள். இறுதியில் கடைசிக் கைமாற்றத்தில் பேட்டன் நழுவப் பார்த்தது. அதைச் சரியாகப் பிடிப்பதற்குள் ஜெர்மனி முன்னால் போய்விட்டது. வில்மா துரத்திப் பிடித்தார். 44.5 வினாடி, மூன்றாவது தங்கம்.

ஒரே ஒலிம்பிக்கில் தடகளத்தில் மூன்று தங்கம் வாங்கிய முதல் அமெரிக்கப் பெண் வில்மா. அமெரிக்க வீடுகளில் டி.வி. மூலம் பார்க்கப்பட்ட முதல் கோடைக்கால ஒலிம்பிக்கும் அதுதான். அதனால் அவர் முகம் நாடு முழுக்கத் தெரிந்தது. இத்தாலியப் பத்திரிகைகள் அவரைக் கறுப்பு மான் என்று எழுதின. ஐரோப்பாவில் அடுத்தடுத்து ஓடிய ஊர்களில் எல்லாம் கூட்டம் அலைமோதியது. உலகத்திலேயே வேகமான பெண் என்ற பெயரோடு ஊர் திரும்பினார்.

ஸ்லைடு இங்கே முடியும். நாம தொடருவோம்.

அக்டோபர் 4

அவர் திரும்பிப் போன ஊர் அதே கிளார்க்ஸ்வில்தான். மூன்று தங்கம் வாங்கியவர் என்றாலும் ஊரில் இருந்த வெள்ளையர் உணவகத்தில் உட்கார்ந்து ஒரு காப்பி குடிக்க முடியாது. ஆனா அவருக்குப் பெரிய ஊர்வலமும் விருந்தும் வைக்க ஊர் தயாரானது. டென்னசி மாநில ஆளுநர் பஃபோர்ட் எல்லிங்டனும் கொண்டாட்டத்தை முன்னின்று நடத்த விரும்பினார். எல்லிங்டன் யாரென்றால், நிறப் பிரிவினையை ஆதரித்துப் பிரசாரம் செய்து பதவிக்கு வந்தவர். அந்த ஊரில் பொதுக் கொண்டாட்டம் என்றாலே வழக்கப்படி வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பர் ஒரு பக்கம்.

வில்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். நிறம் பார்த்துப் பிரித்து நடத்தினால் தான் வரமாட்டேன் என்பதே அது. ஊர்வலமானாலும் விருந்தானாலும் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடக்க வேண்டாம்.

இதை இன்றைக்குப் படிக்கும்போது ரொம்ப சாதாரணமாகத் தோணும். அன்றைய நிலையில் வைத்துப் பாருங்க. வயது இருபது. இன்னும் கல்லூரிப் படிப்பு முடியவில்லை. ஒரு குழந்தைக்குத் தாய். அப்பா அம்மா அதே ஊரில்தான் வேலை செய்து பிழைக்க வேண்டும். எதிரே இருப்பது மாநிலத்தின் ஆளுநர். ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடத் தயாராக இருக்கும்போது, அந்தக் கொண்டாட்டத்தையே வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? வந்தோமா, மாலையை வாங்கிக்கிட்டு சிரிச்சோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருந்திருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தத் துணிச்சல் தானாக முளைத்ததும் இல்லை. அதே வருஷம் பிப்ரவரியில் நாஷ்வில்லில் கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் கடைகளின் உணவுக் கவுண்டர்களில் போய் உட்கார்ந்து, தங்களுக்கும் பரிமாறச் சொல்லி அறப்போராட்டம் நடத்தினார்கள். அடித்தார்கள், கைது செய்தார்கள், மாணவர்கள் எழுந்து போகவில்லை. மே மாதத்தில் நாஷ்வில்லின் கடைகள் இறங்கி வந்தன. வில்மாவின் கல்லூரி மாணவர்களும் அதில் இருந்தார்கள். தன் வயசுப் பசங்க ஒரு நகரத்தின் வழக்கத்தையே மாற்றியதை அவர் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அவர்களுக்குக் கவுண்டர் ஸ்டூல் ஆயுதம் என்றால், இவருக்கு மூன்று பதக்கம்.

ஊர் பணிந்தது. 1960 அக்டோபர் 4 அன்று, கிளார்க்ஸ்வில்லின் வரலாற்றில் முதல்முறையாகக் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து ஒரு ஊர்வலத்தில் நடந்தார்கள். அன்று இரவு விருந்தில் சுமார் 1,100 பேர் ஒரே கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த ஊரில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை.

சாப்பாட்டுப் பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்ற கேள்வியின் கனம் நமக்குப் புதுசா என்ன? இரட்டைக் குவளை பற்றிக் கேள்விப்பட்ட ஊர்க்காரங்க நாம. அதனால்தான் 22.9 வினாடியைவிட அந்த 1,100 பேரின் விருந்து எனக்குப் பெரிசாத் தெரியுது.

1963 மே

ஒரு நாள் விருந்தால் ஊர் மாறிவிடுமா? மாறவில்லை. மறுநாள் உணவகங்கள் பழையபடி வெள்ளையர்களுக்கு மட்டும் என்றே இருந்தன. வில்மாவுக்கும் இது தெரியாமல் இல்லை.

நடுவில் அவர் ஓட்டம் தொடர்ந்தது. 1961-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 100 மீட்டரை 11.2 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். இந்த முறை காற்று குறுக்கே வரவில்லை. அமெரிக்காவின் சிறந்த அமெச்சூர் விளையாட்டு வீரருக்கான சல்லிவன் விருதும் அவருக்குக் கிடைத்தது. வெள்ளை மாளிகையில் அதிபர் கென்னடியைச் சந்தித்தார். 1962-ல் சோவியத் அணிக்கு எதிரான போட்டியில் ஜெயித்த கையோடு, உச்சத்தில் இருக்கும்போதே ஓட்டத்திலிருந்து விலகினார். அப்போது வயது 22.

1963-ல் கல்வியியலில் பட்டம் பெற்றார். அந்த வருஷம் அமெரிக்க அரசு அவரை நல்லெண்ணத் தூதராக மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. செனகல், கானா, கினி, மாலி என்று புதிதாக விடுதலை பெற்ற நாடுகளில் பள்ளிகளுக்கும் மைதானங்களுக்கும் போய் வந்தார். அங்கே அவர் அரசு விருந்தினர். கறுப்பர்களே ஆளும் நாடுகள்.

ஊர் திரும்பிய சில வாரங்களில், மே மாதக் கடைசியில், கிளார்க்ஸ்வில்லில் ஒரு உணவகத்தில் நிறப் பிரிவினையை எதிர்த்து நடந்த போராட்டத்தில் அவரும் கலந்துகொண்டார். அமெரிக்காவின் பெருமை என்று அரசாங்கமே கண்டம் தாண்டி அனுப்பி வைத்த பெண்ணை, சொந்த ஊர் உணவகம் உள்ளே விடவில்லை. அந்த முரண்பாடு ஊர் முழுக்கத் தெரிந்தது. கொஞ்ச நாளிலேயே, உணவகங்கள் உட்பட நகரின் பொது இடங்கள் எல்லாம் இனி எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று நகர மேயர் அறிவித்தார். நாடு முழுவதற்குமான குடிமை உரிமைகள் சட்டம் வந்தது அதற்கு அடுத்த வருஷம், 1964-ல்.

பதக்கம் சோறு போட்டதா?

இல்லை. இதையும் சொல்லியாகணும். அந்தக் காலத்து ஒலிம்பிக் வீரர்கள் அமெச்சூர் விதிப்படி ஓட்டத்தை வைத்துக் காசு வாங்கக் கூடாது. விலகிய பிறகும் பெண்களுக்குத் தொழில்முறைத் தடகளம் என்று ஒன்று இல்லை. உலகின் வேகமான பெண், சொந்த ஊரில் ஆரம்பப் பள்ளி டீச்சராக வேலைக்குச் சேர்ந்தார். தான் படித்த பர்ட் பள்ளியில் தடகளக் கோச்சாகவும் இருந்தார். நாலு பிள்ளைகள். இரண்டு திருமணங்களும் விவாகரத்தில் முடிந்தன. வேலை தேடி ஊர் ஊராக மாறினார். பணக் கஷ்டம் பல வருஷம் தொடர்ந்தது. அவர் சம்பாதித்துக் கொடுத்த புகழில் நாட்டுக்குக் கிடைத்த பங்கு பெரிசு, அவருக்குக் கிடைத்தது கொஞ்சம்தான்.

1977-ல் தன் வாழ்க்கையை வில்மா என்ற பெயரில் புத்தகமாக எழுதினார். அதே வருஷம் அது டி.வி. படமாகவும் வந்தது. 1981-ல் இண்டியானாபொலிஸ் நகரத்தில் தன் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசத் தடகளப் பயிற்சி, கூடவே படிப்புக்கும் உதவி. ஒரு டெம்பிளும் ஒரு மெஹாரியும் கிடைக்காமல் இருந்திருந்தால் தன் கதை என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கணும்.

1988 சியோல் ஒலிம்பிக்கில் ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் தடகளத்தில் மூன்று தங்கம் வாங்கினார். வில்மாவைப் போல ஒரே ஒலிம்பிக்கில் அதைச் செய்த அமெரிக்கப் பெண்களில் அவரும் ஒருவர்.

1994 நவம்பர் 12 அன்று, மூளைப் புற்றுநோயால் வில்மா காலமானார். வயது 54தான். கிளார்க்ஸ்வில்லின் ஒரு முக்கியச் சாலைக்கு இன்று அவர் பெயர். அந்த ஊரில் அவருக்கு வெண்கலச் சிலையும் இருக்கிறது. டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதிக் கட்டிடம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2004-ல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது.

கடைசியா ஒண்ணு. நம்மில் பலர் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறை. பிளேஸ்மென்ட் ஆர்டரோ, யுனிவர்சிட்டி ரேங்கோ, ஸ்டேட் மெடலோ, ஏதோ ஒண்ணு கையில் வரும்போது ஊர் நம்மைக் கூப்பிட்டு மேடையில் ஏற்றும். சால்வை போர்த்தும். அந்த மேடையின் ஓரத்தில் நம்ம அம்மாவுக்கும், நம்ம தெரு ஆட்களுக்கும், கூடப் படிச்ச பொண்ணுங்களுக்கும் நாற்காலி இருக்கான்னு ஒரு தடவை பார்த்துட்டு ஏறலாம். வில்மா ருடால்ஃப் இருபது வயசுல அதைத்தான் பார்த்தாங்க. இல்லைன்னு தெரிஞ்சதும், முதல்ல நாற்காலியைப் போடுங்க, அப்புறம் வரேன்னு நின்னாங்க. ஊர் போட்டது.